பென்சிலால் எழுதிய எண்

உலான்பாதரில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
இரண்டாம் மாடி, ஆறாம் ஜன்னல்.
குளிருக்கு நரம்பு ஒளிந்துகொள்கிறது.
தவாசுரேன் முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி
எழுப்புகிறாள்,
பள்ளிக்கு நேரமாகிவிட்ட பிள்ளையை எழுப்புவதுபோல.
மூன்று குப்பி.
மூடிகள்தாம் வேறு வேறு நிறம்.

கம்பளி ஆலையில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதினேன்.
ஒரு துக்ரிக் உதைத்தாலும்
விடியுமுன் பிடித்துவிடுவேன்.
இது வேறு பேரேடு.
வெட்டுமுன் ஆயிரத்து நூற்று நாற்பது.
வெட்டியபின் ஆறு.
பிறகு ஐந்து. ஐந்து. ஏழு.
ஏழு ஒன்றுமில்லை என்றார் டாக்டர் ஜர்கல்.
ஒன்றுமில்லை என்பதை
இரண்டு தடவை சொன்னார்.

கருவிலிருக்கும் பிள்ளையின் ஈரல் சுரக்கிற புரதமாம் அது.
பிறந்தபின் மெல்ல வற்றிவிடுமாம்.
அறுபது வயதுக்காரி ரத்தத்தில் திரும்ப ஏறினால்
எங்கோ ஒரு செல்
தன் வயதை மறந்துவிட்டது என்று சந்தேகம்.
இன்னொன்று, ரத்தம் உறைய வேண்டிய புரதம்,
பாதிப் பின்னலில் ஊசியை உருவியதுபோல்
அரைகுறையாய் வெளியே வருவது.
அப்புறம் வெள்ளணுக்களை வைத்து ஒரு வகுத்தல்.
எல்லாம் சேர்த்துச் சதவீதம் சொல்கிறார்கள்.
நூறு பேரில் இத்தனை பேருக்குத் திரும்ப வரும்.
சரி,
நான் அந்த நூறில் எத்தனையாவது ஆள்?

போன மாதம் இதே ஜன்னலில்
என் இளையவள் ஹூலன் கை நீட்டினாள்.
பதினேழாவது வாரம்.
அவள் தாளிலும் அதே புரதம், அதே அலகு,
நாற்பத்தொன்று.
நல்ல எண் என்று சிரித்தார்கள்.
நான் கேக் வாங்கினேன்.
இரண்டு தாளும் என் கைப்பையில்
முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கின்றன.
அவள் எண் எனக்கு வந்தால்
யாரும் கேக் வாங்கமாட்டார்கள்.

சொந்தக்காரர்களை எங்கள் பேச்சில்
ஓரீரல்காரர் என்போம்.
என் ஈரலில் வலப்பக்கம் போய்விட்டது.
மிச்சம் தானாக வளர்ந்து இடத்தை நிரப்பியது.
நல்ல ஈரல், வளரத் தெரிந்திருக்கிறது என்றார்கள்.
அதுதான் எனக்கும் பயம்.

மாலை மூன்று மணிக்குத் தாள் வந்தது.
பதினொன்று.
ஸ்கேனில் எதுவும் இல்லை.
ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் ஜர்கல்.
இம்முறை ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை,
ஒரு தடவைகூட.

பஸ் நிறுத்தத்தில் நிலக்கரிப் புகை, தொண்டை வரை.
கையுறையைக் கழற்றி
நோட்டில் பதினொன்றைப் பென்சிலால் எழுதினேன்.
ஆலையில் பென்சிலைத் தொட்டவர்களைத்
திட்டியிருக்கிறேன்.
பேனா மை உறைந்துவிட்டது என்று
எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன்.

போன் அடித்தது. ஹூலன்.
எண் என்னவென்று கேட்கப் போகிறாள்,
என்ன சொல்ல என்று தேடுவதற்குள்
மூச்சு வாங்க அவள் சொன்னாள்:
அம்மா, உதைக்குது.

எந்தக் கணக்கு என்று
ஒரு கணம்
எனக்குப் புரியவில்லை.