நாலு எண்ணிக்கை

கிருஷ்ணகிரியில் எங்களுக்குக் கிடைத்தது
ஒரு மனமகிழ் மன்றத்தின் பின்னறை.
கீழே டயர் கடை, மேலே ரம்மி.
'உறுப்பினர்களுக்கு மட்டும்' பலகையில்
'மட்டும்' எப்போதோ உதிர்ந்திருந்தது.

மாங்கூழ் ஆலையின் நீலக் கிரேட்டுகள் ஆறு,
மேலே ஒரு ப்ளைவுட். அதுதான் மேடை.
இம்தியாஸ் டிரம்ஸை உதைக்க உதைக்க
அது சுவரை நோக்கி நகரும்.
பாட்டுக்குப் பாட்டு இறங்கி இழுத்து வைப்போம்.

திம்மராயனுக்குப் பகலில் கிரானைட் பாலிஷ்.
நகக்கண்ணில் வெள்ளைத் தூள், கழுவினாலும் போகாது.
கிட்டாரின் கழுத்தில் அவன் விரல் ஓடிய தடம்
பல்லி நடந்த மாதிரி தெரியும்.
எப்சிபா பாடுவாள். அவளுக்கு மைக் ஆகாது,
மைக்குக்கும் அவள்.
நான் பேஸ்.
பேஸ் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை,
அதனால் நான் எல்லோரையும் பார்ப்பேன்.

அன்று பதினேழு பேர்.
ஒன்பது பேருக்கு எங்கள் பக்கம் முதுகு.
ஒருவர் எழுந்து வந்து
ஆம்ப்ளிஃபயர் மேல் ஐம்பது ரூபாய் வைத்தார்.
"கொஞ்சம் மெதுவா வாசிங்கப்பா,
ஜோக்கர் கணக்கு தப்புது."
ரூபாயை எடுத்துக்கொண்டோம்.
மெதுவாக வாசிக்கவில்லை.

கடைசியில் எங்கள் சொந்தப் பாட்டு, தொப்பூர்.
விடியலுக்கு முன் கணவாய் இறங்கும் ஒரு லாரி,
தக்காளி லோடு,
மூன்றாம் சரணத்தின் முடிவில் பிரேக் போய்விடும்.
அந்த இடத்தில் திம்மராயன்
ஆம்ப்ளிஃபயரின் முகத்துக்கு நேரே கிட்டாரை நீட்டி
ஊளையிட விடுவான்.
தகரம் கிழிவது போல, இரும்பு அழுவது போல.
நாங்கள் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட இடம் அது.

கேபிள் சுருட்டும்போது ஒருவன் வந்தான்.
இருபது வயது இருக்கலாம். லாரி கிளீனர்.
வண்டி பைபாஸில் நிற்கிறது, டிரைவர் தூங்குகிறார்,
சத்தம் கேட்டு ஏறி வந்தானாம்.
"நல்லா இருந்துச்சுண்ணா.
ஆனா அந்தச் சத்தம் வராது."
"எது?"
"பிரேக்கு போனா சத்தமே வராதுண்ணா.
காத்து புஸ்ஸுனு போவும், அதோட சரி.
அவர் கால் தரையைத் தொட்டுச்சு.
அப்புறம் எனக்கு ஒண்ணும் கேக்கல.
சாமி படத்துல கட்டின மணி ஆடுது,
அதுகூடக் கேக்கல."

எவ்வளவு நேரம் என்று இம்தியாஸ் கேட்டான்.
அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்,
துணி அளப்பதுபோல்.
ஒரு முழம் இருக்கும்.

பேர் கேட்கத் தோன்றவில்லை.
"அவர்" யார் என்று கேட்கத் தைரியமும் இல்லை.
வேனில் திரும்பும்போது திம்மராயன்
"ரெண்டு மாசம் பழகுன ஊளைடா" என்றான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
சூளகிரி தாண்டி மறுபடி அதையே சொன்னான்.

அடுத்த சனிக்கிழமை தருமபுரி.
இன்னொரு மன்றம், இன்னொரு ரம்மி.
மூன்றாம் சரணம் முடிந்தது.
நிறுத்தினோம்.
இம்தியாஸ் குச்சிகளை மடியில் கிடத்தினான்.
திம்மராயன் உள்ளங்கையால் தந்திகளை மூடினான்.
நாலு எண்ணிக்கை என்று பேச்சு.
அது முடிந்ததும் நான்தான் தொடங்க வேண்டும்.

ஒன்று என்றபோது யாரோ சீட்டுக் கலைத்துக்கொண்டிருந்தார்கள்.
இரண்டில் அதுவும் நின்றது.
சுழன்ற விசிறிக்குக் கீழே
எல்லா முதுகுகளும் முகங்களாகத் திரும்ப,
நான் எண்ணிக்கையைத் தொலைத்தேன்.
எப்சிபா என்னைப் பார்க்கிறாள்.
என் கால், ஷூவுக்குள்,
ப்ளைவுட்டை அழுத்திக்கொண்டே இருக்கிறது.

"என்னாச்சு?" என்றார் ஒரு சீட்டாட்டக்காரர்.
பயந்த குரல்.

அதற்குப் பிறகுதான் என் விரல் தடித்த தந்தியைத் தொட்டது.

ஓசூரில் அதே பாட்டுக்குக் கைதட்டினார்கள்,
சரியாக அந்த மௌனத்தின் நடுவில்,
முடிந்துவிட்டது என்று நினைத்து.