கட்டிய கைகள்

மன்னிப்புகளைத் தயாராக வைத்துக்கொண்டுதான்
காரை விட்டு இறங்கினேன்.
அந்த வாரம் நூலகத்துக் கதைநேரத்தில் ஒன்று செலவாகியிருந்தது,
பான்கேக் கடையில் இரண்டு.
ஐந்து வயது டோபினுக்கு உட்காரத் தெரியாது.
உட்கார்ந்துவிட்டால் பேசாமலிருக்கத் தெரியாது.

டுலூத்தில் மார்ச் என்றாலும்
ஏரி இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கிடக்கும்.
வாசல் பலகையில் எழுதியிருந்தது:
எபிஸ்கோபல் ஆராதனை, ஞாயிறு மாலை ஐந்து.
பைஜாமாவோடும் வரலாம். சூப் உண்டு.
சூப்தான் எங்களை உள்ளே தள்ளியது.
வேறு காரணமும் இருக்கிறது,
சொல்ல மாட்டேன்.

வண்ணக் கண்ணாடியை எதிர்பார்த்துப் போனேன்.
அவர்கள் கூட்டிப்போனது கீழ்த்தளத்துக்கு.
ஈரப் பூட்ஸ் வாசம், காப்பி வாசம்.
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் ஒரு மேசை,
அதைச் சுற்றி மடக்கு நாற்காலிகள்.
குரு ஒரு பெண். மாரென் என்று பெயர்.
வெள்ளை அங்கிக்குக் கீழே ஆரஞ்சு நிற ஓட்டக் காலணி,
ஒன்றின் கயிறு அவிழ்ந்து கிடந்தது.

எங்கே போனாலும் எனக்குத் துணிதான் முதலில் கண்ணில் படும்.
மருத்துவமனைச் சலவையறையில் பதினோரு வருடம்.
மேசைவிரிப்பு நல்ல லினன்,
மடிப்புக் கலையாத இஸ்திரி.
ஓரத்தில் மட்டும் பழைய திராட்சை ரசக் கறை.
யாரோ பதறிப்போய்
வெந்நீர் ஊற்றி அதை நிரந்தரமாக்கியிருந்தார்கள்.

பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து
மாரென் கேட்டாள்:
இந்த வாரம் யாருக்கெல்லாம் பயமா இருந்துச்சு?
பக்கத்து வீட்டு நாய் என்றது ஒன்று.
பள்ளிக்கூடத்துத் தீ மணி என்றது இன்னொன்று.
டோபின் சொன்னான்:
எனக்கு இல்ல, அம்மாவுக்கு.
ராத்திரி கதவைப் பூட்டுவாங்க,
திறப்பாங்க,
திரும்பப் பூட்டுவாங்க.

ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
இருபது பேர்
இருபது விதமாகத் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

பிறகு எல்லோரும் எழுந்தார்கள்.
முடிந்துவிட்டது போல என்று கோட்டைத் தேடினேன்.
முடியவில்லையாம், கைகுலுக்குகிறார்களாம்.
தாதுக் கப்பலில் வேலை பார்த்த ஆர்வில்,
மூன்று விரல் மிஞ்சிய கையை நீட்டி
சமாதானம் என்றார்.
பரவாயில்லை என்றேன்.
அவர் சிரிக்காமலிருக்கப் பட்ட பாடு
மீசையில் தெரிந்தது.

மேசையைச் சுற்றி நிற்கச் சொன்னபோது
டோபினைக் காணோம்.
விரிப்புக்குக் கீழே ஒரு சிவப்பு பூட்ஸ் நுனி.
முதல் மன்னிப்பு தொண்டைவரை வந்துவிட்டது.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை,
குளிர் வேறு.
மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டேன்,
வங்கியில் கடன் இல்லை என்று சொன்ன அன்றைக்கு
கட்டிக்கொண்டதுபோல.

ரொட்டியோடு வந்த மாரென் என்னைப் பார்த்தாள்.
ரொட்டியை நீட்டவில்லை.
உள்ளங்கையை என் தலைமேல் வைத்து
மெதுவாக ஏதோ சொன்னாள்.
சொன்னது காதில் விழவில்லை.
கை சூடாக இருந்தது.

ஆர்வில் பின்னால் விளக்கினார்:
இங்கே ரொட்டி வேண்டாதவர்கள்
ஆசி கேட்டு அப்படிக் கை கட்டுவார்களாம்.
நான் எதுவும் கேக்கலையே, குளிருச்சு, என்றேன்.
அப்படியா, ஹீட்டர் அந்தப் பக்கம், என்று
நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

அதற்குள் மாரென் முட்டிபோட்டு
விரிப்பின் ஓரத்தைத் தூக்கியிருந்தாள்,
சரியாக அந்தக் கறைப் பக்கத்தில்.
இருட்டுக்குள் ஒரு துண்டு கொடுத்தாள்.
சின்னக் கை மறுபடி வெளியே வந்தது:
இன்னும்.
பிட்டுக் கொடுத்தாள்.
இன்னும்.

சூப் பரிமாறும்போது அவளிடம் ஒன்றுதான் சொன்னேன்:
அடுத்த தடவை உடனே பச்சைத் தண்ணியில போடுங்க.

அன்றிரவும் கதவைப் பூட்டினேன், திறந்தேன், பூட்டினேன்.
காயப்போட டோபினின் கையுறையை உதறியபோது
காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்று விழுந்தது.
எனக்கென்று எடுத்துவைத்தானா, மறந்துபோனானா,
தூங்குகிறவனை எழுப்பிக் கேட்க முடியாது.
சாவி ஒரு கையில் இருக்க
நின்றபடியே தின்றேன்.