நாற்பத்து மூன்றில் ஒன்று

லெ மான், நவம்பர் ஞாயிறு.
மண்டபமெங்கும் ஈரக் கோட்டு வாடை.
என் மேசையில் எழுபது கார்கள்,
ஒன்றுக்கும் பெட்ரோல் வேண்டாம்.

அன்செல்ம் ப்ரோதின் எடுத்தது எண் 38.
நீலம். வால் நீண்டது.
"விடியற்காலை நாலே காலுக்கு
இதற்கு இடது விளக்கு கிடையாது" என்றார்.
இரண்டும் பளிச்சென்று இருந்தன.
இரண்டு யூரோ குறைத்தேன்.

அவர் பேரத்துக்கு வரவில்லை.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
கதவில் ஒட்டிய டேப் எங்கே,
முகப்பில் அப்பிய பூச்சிகள் எங்கே
என்று தேடினார்.
பிறகு சுண்டுவிரல் நகத்தால்
பின் இடது சக்கரத்தைத் தள்ளினார்.
அசையவில்லை. பசை இறுகிக் கிடந்தது.

"அந்த ராத்திரி
இந்த நட்டு என் பொறுப்பு."

சில்லறை தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இருபத்து நான்கு மணி நேரத்தையும்
நாற்பத்து மூன்றால் வகுத்தால்
முப்பத்து மூன்று நிமிடம், சொச்சம்.
ஏறக்குறைய அவ்வளவு நேரம் நின்றார்,
பின்னால் வரிசை முனகியது.

"பரவாயில்லை" என்றார் கடைசியில்,
"இவர்களாவது
ஒழுங்காக முடுக்கியிருக்கிறார்கள்."

காரைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு
வெற்றுப் பெட்டியை
என்னிடமே விட்டுப் போனார்.