ரொட்டிக் கத்தி

ஒன்பது வருடம் எழுதாமல் இருந்தவள்
எழுதிவிட்டாள்.
குரெஸ்ஸாரே கடையில் மிச்சமிருந்த ஒரே பிரதி
என் பையில்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
வீட்டில் மூன்று பேர்.

பெயர் சொல்வதில்லை நாங்கள்,
நம்மாள் என்போம்.
நம்மாளுக்கு மூட்டுவலியாம்,
நம்மாள் வீடு மாற்றிவிட்டாளாம் என்று,
கைமாற்று வாங்கிப்போன சொந்தக்காரியைப் போல.

யார் முதலில் என்று மூன்று நாள் சண்டை.
நான்காம் நாள், மருத்துவமனையில் இரவுப்பணி முடிந்து வந்து
கருப்பு ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்தேன்.
முதுகைப் பிளக்கும்போது சின்னதாய் ஒரு சத்தம்,
மீனின் நடுமுள் ஒடிவது மாதிரி.
ஹெய்னோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலை எனக்கு.
நடுத்துண்டு அவருக்கு,
தீவுக்கும் கரைக்கும் போய்வரும் கார்ப்படகில்
இரண்டு நடைக்கு நடுவே படிக்க.
வால், தார்த்துவில் படிக்கும் லேலோவுக்குப் பார்சலில்.

நடுத்துண்டு ஒரு சவ அடக்கத்தில் தொடங்குகிறது.
யாருடையது என்று இல்லை,
அவன் என்று மட்டும்.
இது எனக்குத் தெரியாது.
என் துண்டில் நான்
இரவல் கோட்டுப் போட்டுத் திரியும் தபால்காரன் ஒருவனிடம்
மனதைக் கொடுத்துவிட்டிருந்தேன்.
சாப்பாட்டு மேசையில் அவன் பேச்சுதான்.
கேட்டுக்கொண்டே இருந்த ஹெய்னோ
என் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தார்.
இருபத்து நான்கு வருடத்தில்
அவர் எனக்குப் பரிமாறியது அன்றுதான்.
அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

லேலோ கூப்பிட்டாள்:
"அம்மா, அந்தக் கோட்டு யாரோடது?
இங்கே ஒருத்தி அதில் முகம் புதைத்து அழுகிறாள்."
சொல்லாதே என்று கத்தினேன்.
"சொல்லவில்லையே, கேட்கத்தானே செய்கிறேன்."

நவம்பரில், படகின் மேல்தளத்தில்,
படிப்பதற்கு முன்பே காற்று ஒரு தாளைப் பறித்துக்கொண்டது.
இருநூற்றுப் பதினொன்றும் அதன் முதுகும்.
இருநூற்றுப் பத்தில் அவள் தங்கை வீட்டுக் கதவைத் தட்டுகிறாள்.
இருநூற்றுப் பதின்மூன்றில் ரயிலில் இருக்கிறாள்.

கதவு திறக்கவே இல்லை என்றார் ஹெய்னோ.
திறந்தது, தங்கை ஓங்கி அறைந்தாள், இது லேலோ.
ஒன்றும் பேசாமல் இருவரும் காப்பி குடித்தார்கள் என்றேன் நான்.
கிறிஸ்துமஸ் வாத்து ஆறிப்போகும்வரை இதே வழக்கு.
ஊருக்குத் திரும்புமுன் லேலோ
கட்டம் போட்ட தாளில் தன் அறையை எழுதி
அந்த இடத்தில் ஒட்டிவிட்டுப் போனாள்.

போன வாரம் நூலகத்தில்
அறுபடாத பிரதி ஒன்று கண்ணில் பட்டது.
கையுறையைக் கழற்றி, நின்றபடியே பிரித்தேன்.

கதவு திறக்கிறது.
குழாய் ரிப்பேர்க்காரன்.
அவர்கள் காலி செய்து ஒரு மாதம் ஆகிறது என்கிறான்.
மீதி ஒன்றரைப் பக்கமும்
ரயிலுக்குச் சில்லறை எண்ணுகிறாள்.

வீட்டில் ஹெய்னோ செதில் சுரண்டிக்கொண்டிருந்தார்.
"யோசித்துப் பார்த்தேன்," என்றார் தலை தூக்காமல்,
"கதவு திறந்திருக்காது."

இருக்கலாம் என்று
காப்பிக்குத் தண்ணீர் வைத்தேன்.