குட்டியானை நடை

இந்த மாசம் எண்ணூரிலிருந்து நாலாவது நடை.
வண்டிக்குப் பேர் குட்டியானை.
ஏன் போகிறாய் என்று யாரும் அதைக் கேட்டதில்லை,
டீசல் ஊற்றினால் போகும்.

தேசராணி வீட்டில் சாமான் கொஞ்சம்தான்:
பீரோ, டேபிள் ஃபேன், நாலு குடம்,
சாம்பல் பூத்த டி.வி.
"தொடைக்க தொடைக்க வந்து குந்துது,
தொடைக்கிறதயே வுட்டுட்டேன்."

பேச்சுக்குத்தான் கேட்டேன், எதனால கிளம்புறீங்க?
பையனுக்கு வீசிங் என்றாள்.
மணலி சிக்னல் தாண்டி,
அவருக்குப் படப்பையில் வாட்ச்மேன் வேலை என்றாள்.
மாதவரம் ரவுண்டானாவில்,
"நண்டக் கேட்டியா நீ?"

நண்டுதான் முதலில் போனதாம்.
கழிமுகத்தில் தண்ணி சுட்ட வருஷம்
சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டது.
அப்புறம் மடவை.
கூழைக்கடா ரெண்டு நாள் நின்று பார்த்துவிட்டு
பழவேற்காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது.
அதனிடம் அட்வான்ஸ் கேட்க அங்கே ஆளில்லை.
இறால் மட்டும் இருந்தது;
குழம்பு வைத்தால் எண்ணெய் வாடை.
அவள் புருஷன் ஏசுபாதம் அதையும் தின்றான், எட்டு வருஷம்.

பூனையைச் சாக்கில் கட்டி
குடங்களுக்கு நடுவே வைத்திருந்தாள்.
படப்பையில் பார்த்தால் சாக்கில் ஓட்டை.

திரும்பும் நடை காலியில்லை.
செங்குன்றத்தில் மூன்று பீகார் பையன்கள்,
ஒரு ஸ்டவ், சுருட்டிய கம்பளி.
அவளே வாடகை பேசி முடித்திருக்கிறாள், அதே வீடு.
சின்னவன் குந்தன்
ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டி
நுனியைப் பார்த்தான்.
ஊர், ஆறு என்று ஏதோ சொல்லி
கழுத்தில் கை வைத்துக் காட்டினான்:
இவ்வளவு தண்ணி.
பிறகு சட்டையைக் கழற்றி
துடைக்க ஆரம்பித்தான்.