புதைத்த இரண்டு

ஏப்ரலில் ரெகுலா தன் வயலில் ஒன்று,
வேலிக்கு அப்பால் ரேட்டோவின் வயலில் ஒன்று
வெள்ளைப் பருத்தி ஜட்டி புதைத்தாள்.
ஒரு சாண் ஆழம். அடையாளத்துக்குக் குச்சி.
"துர்காவ் முழுக்கச் சிரிக்கும்" என்றான்.
பால் வண்டிக்காரர் அன்றே சிரித்துவிட்டார்.

இரண்டும் ஒரே களிமண்தான்,
ஒரே பனியாறு அரைத்துக் கொட்டியது.
நனைத்துப் பிதுக்கினால்
இரண்டும் விரல் நீளம் நாடாவாய் வரும்.
மண் வரைபடத்தில் ஒரே பழுப்பு, ஒரே எண்.

ஜூனில் தோண்டினார்கள்.
அவள் பக்கம் பொலபொலவென்று உதிர்ந்தது.
வெளிச்சம் பட்ட மண்புழு
அவசரமாய் உள்ளே போனது.
ஜட்டி இல்லை.
இடுப்பு எலாஸ்டிக் மட்டும்,
அதில் தொங்கும் நைலான் நூல்.

அவன் பக்கம் மண்வெட்டி ணங்கென்றது.
டிராக்டர் மிதித்த மண்
ஓடு ஓடாய்ப் பெயர்ந்தது.
அடியில்,
மடிப்புக்கூடக் கலையாமல்,
அளவுச் சீட்டோடு.

உதறிப் பார்த்தான்.
துவைத்தால் போட்டுக்கொள்ளலாம்.

மூட்டை மூட்டையாய் ஊட்டியே வளர்த்த வயல்
மெல்ல மறந்திருந்தது.

சிரிக்கலாம் என்றுதான் வந்திருந்தாள் ரெகுலா.
எலாஸ்டிக்கைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

இரவு பத்தரைக்கு ஃபோன்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை ரேட்டோ:
"க்ளோவர் விதை கிலோ என்ன விலை?"