அச்சு அசல்

பீடோரிலிருந்து எட்டாங்கட்டை.
உரக்கொட்டகைக்குப் பின்னால், சேற்றில் அரைச்சக்கரம் புதைந்து
நின்றது: மூக்கில்லாத முகம்,
மேல்விளிம்பு முன்னுக்குச் சாய்ந்த கண்ணாடி.
அந்தச் சாய்வைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.
மேலே பறப்பவன் கண்ணில் மின்னக் கூடாதென்று
கனடாவில் எவனோ வைத்த சாய்வு.
எந்தப் பட்டறையும் அதைப் பொய்யாகச் செய்ய மெனக்கெடாது.

காட்டில் மரம் இழுத்த காலத்தில்
சீனர் இதை மலைராசா என்றார்கள்.
நம்பர் பிளேட் கிடையாது, அதனால் மலாய்க்காரருக்குப் பேய் லோரி.
சிங்கப்பூரில் வாங்குகிறவர் ஒரே சொல்லில் கேட்டார்:
அசலா?

முதுகைத் தரையில் வைக்காமல் நான் பதில் சொல்வதில்லை.
டார்ச், கம்பி பிரஷ், மண்ணெண்ணெய், ஒரு சாக்பீஸ்.
கிரீஸ் சுரண்டச் சுரண்ட மடல் மடலாய் வந்தது,
கருப்பு, தோட்டத்துப் பச்சை, அதற்கும் அடியில்
சிப்பாய்கள் பூசிய மண்நிறம்.

முன் அச்சின் உருண்டைக்குக் கீழே
ஒரு சி எழுத்து, அதன் வயிற்றுக்குள் ஓர் அம்பு.
சரி போட்டேன்.
நான்கு சக்கரத்துக்கும் விசை பிரிக்கும் பெட்டி: அதே அம்பு. சரி.
பின் அச்சு, சரி, ஆனால்
நான்கு போல்ட்டுத் தலைகளில் மட்டும் எஃப்.
செவர்லே உடம்பில் ஃபோர்டு போல்ட்.
சேசிஸில் ரிவெட் வரிசை பாதியில் நின்று
வெல்டிங் தொடங்குகிறது:
அப்படியென்றால் இது ஒரு லோரி இல்லை, இரண்டு.
எஞ்சின் ஹினோ. கியர்பெட்டி பெட்ஃபோர்டு.
தொட்டி சங்கால் பலகை.
டீசல் டாங்கி ஒரு சமையல் எண்ணெய் டிரம்.
பின்பக்கம், தண்டவாளத் துண்டில் ஒரு படி.

தனபாக்கியம் குந்தி உட்கார்ந்து எட்டிப் பார்த்தார்.
"எவ்வளவு தேறும்?"
"அச்சு அசல்" என்றேன்; எனக்கே சிரிப்பு வந்தது.
"அச்சு அசல், பெட்டி அசல், முகம் அசல்."
"அப்போ மீதியெல்லாம் வட்டியா?"

விற்பவர் ஐசி எண் என்று பாரத்தில் ஒரு கட்டம்.
பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து நீட்டினார்.
சிவப்பு.
பிறந்தது இதே தோட்டம், ஆஸ்பத்திரி லயத்தில்.
ஈப்போ கவுண்டரில் ஆறு தடவை கேட்டுவிட்டார்கள்,
சூரா பெரானா எங்கே, அசல் எங்கே.
மலாயிலும் அந்தச் சொல் அசல்தான்.
"இதுக்கு ஒரு அம்பு போதும், இல்ல?" என்றார்.
கோபமில்லை. குலைக்கு எடை கேட்பதுபோல் கேட்டார்.

நான் மறுபடியும் லோரிக்கு அடியில் போனேன்.
பார்க்க அங்கே ஒன்றும் பாக்கியில்லை.

வெளியே வந்தபோது முடிவு செய்திருந்தார்:
"அசலையெல்லாம் அவர் ஏத்திக்கட்டும்.
அசல் இல்லாததக் கழட்டி இங்கேயே வச்சிடு."
போனில் சிங்கப்பூர் உடனே சம்மதித்தது.
எப்படியும் தூக்கிப் போடத்தானே இருந்தார்.

இரண்டு நாள் ஆனது.
படியை யாரையும் தொட விடவில்லை.
உதிரி பொறுக்கும் பெண்கள் மழையில் வழுக்குகிறார்கள் என்று
அவர் கையால் வெல்டு வைத்தது;
அவரே கேஸ் பிடித்து அறுத்தார்.
எஃப் போல்ட் நான்கையும் கேட்டு வாங்கி
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் ரசாலியின் லோ-லோடர் வந்து
முகத்தையும் பெட்டியையும் அச்சுகளையும் ஏற்றியது.
அந்தப் பக்கம் தனபாக்கியம்
ஹினோவை இரண்டு செம்பனைத் துண்டுகளின் மேல் உட்காரவைத்து,
டிரம்மிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து,
பேட்டரிக்குக் கவ்வி மாட்டினார்.
முதல் சுற்றில் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது.
கொட்டகைத் தகரம் முழுக்க நடுங்கியது.

சான்றிதழில் ஒரு வரி மிச்சமிருந்தது.
ஓடும் நிலை: இல்லை.
எழுதும்போது பேனா அதிர்ந்து
"இல்லை"யின் கொம்பு இரண்டாகப் போனது.
அவர் எஞ்சினை அணைக்கவேயில்லை.